ஆறரை அடி வேலி

தெருவில் எல்லோரும் அவளை மூலைவீட்டம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். நாற்பத்து மூன்று வயது. இரண்டு தெருக்கள் சேரும் இடத்தில் வீடு. முன்னறை முழுக்க இஸ்திரி மேசை. காலை ஆறு மணிக்குப் பெட்டியைச் சூடாக்கினால் மதியச் சாப்பாடு வரை அது ஆறாது. நர்ஸுகளின் சீருடை, பள்ளிக்கூடச் சட்டை, ஆபீஸ் போகிறவர்களின் கால்சட்டை எல்லாம் அந்த மேசைக்குத்தான் வரும். அவள் வைத்த மடிப்பு கத்தி மாதிரி நிற்கும் என்று ஊரே சொல்லும். சொல்லும்போது அவள் தலையைக் குனிந்துகொள்வாள்.

துணி கொடுக்க வருகிறவர்களின் முகத்தை அவள் நிமிர்ந்து பார்த்ததில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. காலர் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, எந்தப் பையில் எதன் கறை என்று பார்த்தே வீட்டு நிலவரம் சொல்லிவிடுவாள். தனக்குத்தான் சொல்லிக்கொள்வாள். ஒரு வீட்டுக்காரருக்கு வேலை போனது அவர் மனைவிக்குத் தெரிவதற்கு இரண்டு வாரம் முன்பே அவளுக்குத் தெரியும். திங்கள்கிழமை வருகிற ஐந்து சட்டையும் கசங்காமலே வந்தால் வேறென்ன அர்த்தம்?

ஆறாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. தங்கைக்காக நின்றது. தங்கைக்கு இப்போது முப்பத்தெட்டு வயது, இன்னும் பாப்பாதான். பாப்பாவுக்குப் பேச்சு வரவில்லை. அதற்கும் சேர்த்து வைத்தாற்போல் கால் வந்தது. சக்கரம் என்றால் உயிர். வண்டிச் சத்தம் கேட்டால், கதவு ஒரு சாண் திறந்திருந்தால், அவ்வளவுதான், நடுத்தெருவில் நிற்பாள். ஆறு வயதில் ஒருநாள் அப்படி ஓடி, ஒரு லாரி அவளுக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றது. டிரைவர் இறங்கி அழுதார். அப்பா அன்றைக்கு அழவில்லை. மறுநாள் மரக்கடையில் பலகை வாங்கி வந்து, பக்கத்துத் தெரு ஓரமாக ஆறரை அடி உயரத்துக்கு வேலி போட ஆரம்பித்தார். முன்பக்கம் வீட்டுச் சுவர், பின்பக்கம் அடுத்த வீட்டுச் சுவர். திறந்து கிடந்தது இந்த ஒரு பக்கம்தான். அதையும் அடைத்துவிட்டால் முற்றம் பாப்பாவுக்குச் சொந்தம்.

அடைத்த கையோடு பலகையில் ஒரு நீளப் பிளவும் அறுத்து வைத்தார், பாப்பா வண்டி பார்ப்பதற்கு. அவள் வளர வளர மேலே இன்னொன்று, அதற்கு மேலே மூன்றாவதும் அறுத்தார். பிறகு அப்பா போனார். அம்மா போனாள். அக்காளைக் கேட்டு ஒரு வரன் வந்தது. முற்றத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு, பாப்பாவைப் பார்த்துவிட்டு, அதுவும் போனது. மூலைவீட்டம்மாவுக்கு அதில் பெரிய வருத்தம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. பகலெல்லாம் அவள் இஸ்திரி போடுவாள். பாப்பா வேலி ஓரம் நின்று, போகிற ஒவ்வொரு வண்டிக்கும் “ஊம்” என்று ஒரு சத்தம் கொடுப்பாள். அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் அக்காளுக்கு வேலை ஓடும்.

பக்கத்துத் தெருவில், இவர்கள் சுவருக்கு அடுத்த வீடு டீச்சருடையது. பதினாலு வருடம் முன்பு குடிவந்தார். அப்போதே தனிக்கட்டை. பெரிய பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவர். வந்த மறுவாரமே இஸ்திரிக்குத் துணி கொண்டுவந்து, வேலிப் பக்கம் போய், “என்ன மேடம், டிராபிக் எப்படி இருக்கு இன்னிக்கு?” என்று பாப்பாவிடம் கேட்டார். பாப்பாவிடம் அதுவரை யாரும் கேள்வி கேட்டதில்லை. பாப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது பிளவைக் காட்டினாள். டீச்சரும் எக்கிப் பார்த்தார். அன்றைக்கே அக்காளின் மனசு அவர் பக்கம் சாய்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வருகிற எந்தக் காகிதமும் டீச்சர் கைக்குத்தான் போகும். மூலைவீட்டம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்றில்லை. தெரியும். மெதுவாகப் படிப்பாள், படிக்கும்போது உதடு அசையும். உதடு அசைவதை ஒருத்தர் பார்த்துவிட்டால் அவளுக்கு உயிரே போய்விடும். டீச்சர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடகடவென்று வாசித்து, கடைசியில் இரண்டு வார்த்தையில் சாரத்தைச் சொல்லிவிடுவார். “வரி. பயப்படாதே.” “தண்ணிக் குழாய் தோண்டப் போறான். வியாழக்கிழமை.” அவ்வளவுதான். இவளும் அதற்கு மேல் கேட்டதில்லை.

அந்த வருடம் மழை விட்டபோது வேலியில் மூன்று கம்பம் அடியில் உளுத்துப்போயிருந்தது. டீச்சர்தான் முதலில் பார்த்தார்.

“என்னம்மா இது, உன் வேலி காத்தடிச்சா டான்ஸ் ஆடுது?”

“மூணு கம்பந்தான் டீச்சர். தச்சர் அண்ணன்கிட்ட சொல்லியிருக்கேன். அதை மட்டும் மாத்திடலாம்னாரு.”

“மூணு மாத்துவே. அடுத்த மழைக்கு இன்னும் மூணு. பொத்தல் சட்டைக்கு எத்தனை தடவைதான் ஒட்டுப் போடறது? மொத்தமா எடுத்துட்டுப் புதுசா போட்டுடேன்.”

“ஆபீஸ்ல ஏதாவது கேப்பாங்களோ?”

“போய் விதிமுறைப் பேப்பர் வாங்கிட்டு வா. நான் பார்த்துச் சொல்றேன்.”

வாங்கிவந்தாள். ஒரே தாள், இரண்டு பக்கமும் பொடி எழுத்து. டீச்சர் முன்பக்கத்தை முழுதாக வாசித்தார். பழுதடைந்த வேலியை அதே எல்லைக்கோட்டில் சரிசெய்ய அனுமதி தேவையில்லை என்று அதில் இருந்தது. தாளைத் திருப்பினார். ஒரு நிமிடம் கண்ணாடி வழியே பார்த்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“பின்பக்கமெல்லாம் கடை, குடோன் வச்சிருக்கவங்களுக்கு. உனக்கு அனுமதியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். தைரியமா எடு.”

தச்சர் அண்ணன் வந்து வேலியைத் தட்டிப் பார்த்தார். வாயில் பென்சிலைக் கடித்துக்கொண்டே பேசுகிறவர். பாதி வார்த்தை பென்சிலுக்குப் போகும்.

“மத்த பதினொண்ணும் இரும்பாட்டம் இருக்கே தாயி. உங்கப்பா நட்டது. இதைப் போய் எதுக்குப் பிடுங்கணும்?”

“டீச்சர் சொன்னாங்க அண்ணே.”

“டீச்சருக்கு மரத்தைப் பத்தி என்ன தெரியும்? எனக்குத்தான் கணக்கு தெரியுமா, விடு.” பிறகு பென்சிலை எடுத்துவிட்டுக் கேட்டார். “வேலிக்கு ஏதோ புதுச் சட்டம் வந்திருக்குன்னு மரக்கடையில பேசிக்கிட்டாங்க. பேப்பரைப் பார்த்தியா?”

“டீச்சர் பார்த்துட்டாங்க.”

“அப்ப சரி.”

பலகை பிரிக்கும் இரண்டு நாளும் பாப்பாவைத் தன் வீட்டில் வைத்துக்கொள்வதாக டீச்சரே சொன்னார். சொன்னபடி வைத்துக்கொண்டார். மதியம் சோறு கொண்டுபோனபோது பாப்பா அவர் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். டீச்சர் அவள் தலையைக் கோதிக்கொண்டிருந்தார். மூலைவீட்டம்மா வாசலிலேயே நின்று அதைப் பார்த்தாள். இந்த அம்மாவுக்கு நான் என்ன திருப்பிச் செய்யப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். பின்னால் எத்தனையோ நாள் அவள் மனசில் வந்து குத்தியது அந்தக் காட்சிதான். மற்றதெல்லாம் அப்புறம்.

மூன்றாம் நாள் காலை பதினாலு புதுக் கம்பமும் ஆறரை அடிக்கு நின்றன; பலகை அடிக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது மோட்டார் சைக்கிளில் ஒருத்தர் வந்தார். சட்டைப்பையில் அடையாள அட்டை, கையில் அளவுநாடா. நகர அலுவலகத்து ஆய்வாளர். கோபக்காரர் இல்லை. கம்பத்தை அளந்துவிட்டு, சொல்லச் சங்கடப்படுகிறவர் மாதிரி தலையைச் சொறிந்தார்.

“இது மூலை வீடும்மா. தெருவோர வேலி நாலடிக்கு மேல இருக்கக் கூடாது. திரும்புற வண்டிக்கு ஆள் தெரியணும்ல?”

“முப்பது வருஷமா ஆறரை அடிதான் சார் இருந்துச்சு.”

“இருந்துச்சு. சட்டம் வர்றதுக்கு முன்னாடி போட்டது அப்படியே நிக்கலாம், யாரும் தொட முடியாது. பழுது பார்க்கலாம். ஆனா பாதிக்கு மேல கம்பத்தை மாத்திட்டா அது புது வேலி. புது வேலிக்குப் புதுச் சட்டம். நீங்க மொத்தத்தையும் பிடுங்கிட்டீங்களே!”

தச்சர் அண்ணன் வாயிலிருந்து பென்சில் விழுந்தது.

“மூணு மட்டும் மாத்தியிருந்தா?” என்று கேட்டாள்.

“நான் இங்க வந்தே இருக்க மாட்டேன்.”

ஒரு வாரம் தவணை கொடுத்துவிட்டுப் போனார். ஏழாம் நாள் தச்சர் அண்ணன் ரம்பத்தோடு வந்தார். ஒவ்வொரு கம்பமாக நாலடியில் அறுத்தார். அறுத்த துண்டுகள் முற்றத்தில் விழும் சத்தத்துக்கு அறைக்குள்ளிருந்து பாப்பா கதவை அடித்தாள்.

நாலடி பாப்பாவுக்கு எந்த மூலைக்கு? அப்பா மாதிரி உயரம் அவள். பலகை அடித்து முடித்த அன்று மாலை சோதித்துப் பார்க்கலாம் என்று அக்காள் அவளை வெளியே விட்டாள். பால் வண்டி ஒன்று வந்தது. பாப்பா வேலியின் மேல் கை வைத்து, பாவாடையைத் தூக்கிக்கொண்டு, படி தாண்டுகிற மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டாள். பால்காரர் பிரேக் போட்டார். இரண்டு கேன் உருண்டது. “வீட்ல கட்டிப் போடக் கூடாதா?” என்று கத்தினார். பிறகு பாப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, “மன்னிச்சுக்கங்க” என்றார்.

அன்றிலிருந்து பாப்பா வீட்டுக்குள்தான். வண்டிச் சத்தம் கேட்டால் ஜன்னல் கம்பியைப் பிடித்து ஆட்டுவாள். மூன்றே வாரத்தில் மணிக்கட்டு புண்ணாகிவிட்டது. பதினைந்து வீட்டுத் துணி மேசையில் குவிந்தது. ஒரு நர்ஸின் சீருடையைக் கருக்கிவிட்டாள். முப்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை.

டீச்சர் தினம் வந்தார். “நான் எப்படி அதைப் பார்க்காம விட்டேன்னே தெரியலைம்மா. வயசாயிடுச்சு பாரு” என்று நெற்றியில் தட்டிக்கொண்டார். மூலைவீட்டம்மாதான் அவருக்கு ஆறுதல் சொன்னாள். “உங்க மேல என்ன டீச்சர் தப்பு? என் நேரம்.”

வேறு வழி உண்டா என்று கேட்க நகர அலுவலகத்துக்குப் போனாள். பாப்பாவைத் தச்சர் அண்ணனின் மனைவி பார்த்துக்கொண்டாள். வேலிக்கான கவுண்டரில் ஒரு பெண். எதிரே ஆள் இல்லாவிட்டால் சுவரோடு பேசுகிற ரகம்.

“எந்த வீடு? ஓ, அந்த மூலை வீடா! உயரமா மரவேலி வச்சிருந்தீங்களே? அட, எடுத்துட்டீங்களா? அந்த டீச்சரம்மாவுக்குச் சந்தோஷமா இருந்திருக்குமே!”

“எந்த டீச்சரம்மா?”

“உங்க பக்கத்து வீடுதானே? வெள்ளைக் கார்? மழைக்கு முன்னாடி ரெண்டு மூணு தடவை வந்தாங்க. காரைப் பின்னால எடுக்கும்போது உங்க வேலி மறைக்குதாம், ஒரு சைக்கிளை இடிக்கப் பார்த்தாங்களாம். குறைக்கச் சொல்லி நோட்டீஸ் விடுங்கன்னாங்க. பழைய வேலி, நாங்க கைவைக்க முடியாது மேடம், அவங்களா மொத்தமா எடுத்தாத்தான் உண்டுன்னேன். அப்படியான்னு பேப்பர் ஒண்ணு வாங்கிட்டுப் போனாங்க. பாருங்க, கடைசியில நீங்களே எடுத்துட்டீங்க. அவங்க கேட்டாங்களாக்கும்?”

மூலைவீட்டம்மா கவுண்டரில் அடுக்கியிருந்த விதிமுறைத் தாளில் ஒன்றை எடுத்துக்கொண்டு சுவரோர பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். தாளைத் திருப்பினாள். பக்கத்தில் இரண்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். உதடு அசைய, விரலை வரியின் கீழ் நகர்த்தி நகர்த்திப் படித்தாள். கடை இல்லை. குடோன் இல்லை. ‘குடியிருப்பு மனைகள்’ என்று தலைப்பிலேயே இருந்தது. ஐந்தாவது வரி: ‘ஓராண்டுக்குள் பாதிக்கு மேற்பட்ட கம்பங்கள் மாற்றப்படின், அது புதிய வேலியாகவே கருதப்படும்.’

அதை மூன்று தடவை படித்தாள். பிறகு மேலும் படித்தாள், ஏனென்றால் இனி யாரும் படித்துச் சொல்லப் போவதில்லை. கடைசிக்கு முந்தைய வரியில் ஒன்று இருந்தது. ஊடே பார்வை செல்லும்படியான கம்பிவலை வேலி ஆறடி வரை அமைக்கலாம். அது அடுத்த வீட்டின் வாகன வாயிலை ஒட்டியிருந்தால் அந்த வீட்டு உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை.

அந்த வீட்டு உரிமையாளர் டீச்சர்.

கவுண்டரில் வாங்கிவந்த சம்மதப் படிவம் பதினொரு நாள் இஸ்திரி மேசை டிராயரில் கிடந்தது. அந்தப் பதினொரு நாளும் டீச்சர் வந்து போனார். இவள் துணிக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு பதில் சொன்னாள். பன்னிரண்டாம் நாள் பாப்பா ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை மோதினாள். ரத்தத்தைத் துடைத்துக் கட்டுப் போட்டு, தூங்க வைத்துவிட்டு, வெளிக்கதவைப் பூட்டி, படிவத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

டீச்சர் கதவைத் திறந்து, “வாம்மா, பாப்பா எங்கே?” என்றார்.

“உள்ள இருக்கா. இதுல கையெழுத்து வேணும்.”

டீச்சர் கண்ணாடியைத் தேடினார். “என்னன்னு பார்க்கறேன், குடு.”

“நான் படிச்சுட்டேன். கம்பிவலை வேலி. ஆறடி. உங்க கார் கேட்டுக்குப் பக்கத்துல இருக்கிறதால உங்க சம்மதம் வேணுமாம். வலை வழியாத் தெருவு நல்லாத் தெரியும். சைக்கிள் வந்தாலும் தெரியும்.”

சைக்கிள் என்ற சொல்லில் டீச்சர் நிமிர்ந்தார். கண்ணாடி தேடுவதை விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ஒரு ஸ்கூல் பொண்ணும்மா. நூல் இழையில தப்பிச்சா. அன்னிக்கு ராத்திரி தூக்கமில்லை எனக்கு. ஒவ்வொரு தடவை ரிவர்ஸ் எடுக்கும்போதும் பாதியில இறங்கிப் போய்ப் பார்த்துட்டு வருவேன். நீ இந்தப் பக்கம் நின்னு பார்த்ததில்லை.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா வேலியை இறக்கியிருப்பியா?”

“மாட்டேன்.”

“பார்த்தியா!”

“மாட்டேன்னு சொல்லியிருப்பேன். அதைச் சொல்ற இடத்துல நான் இருந்தேன் டீச்சர். அந்த இடத்தையும் சேர்த்துல்ல பிடுங்கிட்டீங்க.” அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “சொல்லியிருந்தா தினம் காலையில நானே வந்து தெருவுல நின்னு கை காட்டியிருப்பேன், வாங்க வாங்கன்னு. உங்க கேட்டுல, வர்ற வண்டி தெரியற மாதிரி ஒரு கண்ணாடி மாட்டலாம்னு தச்சர் அண்ணன் சொல்லியிருப்பாரு. எதுவோ பண்ணியிருப்போம்.”

“பாப்பாவுக்குக் கெடுதல் நினைப்பேனா நான்?”

“நினைக்கல. தெரியும். அவளை மடியில போட்டுக்கிட்டுத்தான் செஞ்சீங்க.”

டீச்சர் கையெழுத்துப் போட்டார். தாளை நீட்டியபோது இவள் விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளப் பார்த்தார். மூலைவீட்டம்மா தாளை மட்டும் வாங்கிக்கொண்டாள். பிறகு அங்கேயே நின்று, உதடு அசைய அசைய, கையெழுத்து, தேதி, வீட்டு எண் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று படித்துப் பார்த்தாள். டீச்சர் அதுவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கம்பிவலை வந்தது. தச்சர் அண்ணனுக்கு இரும்பு பிடிக்காது, “இதுல ஆணியை எங்கே அடிக்கிறது, என் தலையிலயா?” என்று புலம்பிக்கொண்டே கட்டினார். முற்றம் பாப்பாவுக்குத் திரும்பக் கிடைத்தது. ஆனால் பழைய முற்றம் இல்லை. இப்போது தெருவே உள்ளே வந்துவிட்டது. போகிறவர் வருகிறவர் எல்லோரும் நின்று பார்க்கிறார்கள். சிலர் குழந்தைகளை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போகிறார்கள். கொடியில் காய்கிற உள்பாவாடையிலிருந்து எல்லாம் ஊருக்குத் தெரியும். பார்த்துக்கொண்டே வாழ்ந்தவள் அவள். பார்க்கப்பட்டு வாழ இன்னும் பழகவில்லை. இஸ்திரி மேசையை ஜன்னலிலிருந்து நகர்த்திச் சுவர்ப் பக்கம் போட்டுக்கொண்டாள்.

பாப்பாவுக்கு அந்தக் கவலை இல்லை. பிளவு வழியே கால்வாசி வண்டி பார்த்தவளுக்கு இப்போது முழு வண்டி. தினம் காலை எட்டரைக்கு டீச்சரின் வெள்ளைக் கார் பின்னோக்கி வரும். அதற்கு எல்லாவற்றையும் விடப் பெரிய “ஊம்.” வலையில் பத்து விரலையும் நுழைத்துக்கொண்டு குதிப்பாள். டீச்சர் காரை நிறுத்துவார். சில நாள் இறங்கி வந்து, வலைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த விரல்களைத் தொட்டு, “டிராபிக் எப்படி மேடம்?” என்பார். குரல் முன்போல் இருக்காது. பாப்பாவுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அவள் சிரிப்பாள்.

டீச்சரின் பார்வை அப்போது முற்றத்தைத் தாண்டி வாசற்படிக்கு வரும். மூலைவீட்டம்மா படியில் நின்று, நனைத்த துணியை உதறிக்கொண்டிருப்பாள். தங்கையைப் போய் இழுத்து வரலாம். ஒருநாள் அதற்கென்றே நாலு அடி நடந்தும் போனாள். பாப்பா திரும்பிப் பார்த்து, அக்காள் கையையும் பிடித்து இழுத்து வலையருகே கொண்டுபோனாள், டீச்சரைக் காட்டுவதற்காக. இரண்டு பெண்களும் கம்பிவலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒரு முழ தூரத்தில் நின்றார்கள். டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. அவர் கார் தெருவை மறித்துக்கொண்டிருந்தது.

“போங்க, ஆள் நிக்கிறாங்க” என்றாள் மூலைவீட்டம்மா. பாப்பாவின் விரல்களை வலையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். கார் தெருமுனை திரும்பும் வரை பாப்பா கை ஆட்டிக்கொண்டே நின்றாள். அக்காள் அவள் பக்கத்தில், கையை ஆட்டாமல், அவள் முடிக்கும் வரை நின்றாள்.